ஆசைப்பட்டு வைத்த சுருள்

"அக்கா, இந்தச் சுருளை எப்படியாவது நேராக்கிக் குடுங்க. நாளைக்குக் காலையில என் மானமே இந்தத் தலையிலதான் இருக்கு!"

அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்த கையோடு மகள் இப்படித்தான் ஆரம்பித்தாள். பார்லர்க்கார அக்கா துண்டை உதறி அம்மாவின் தோளைச் சுற்றிப் போட்டாள். சின்னக் கடை. இரண்டே நாற்காலிகள். பக்கத்து நாற்காலியில் நகச்சாயம் காய்வதற்காக விரல்களை விரித்து வைத்திருந்த பெண், ஓரக்கண்ணால் அம்மாவின் தலையைப் பார்த்தாள். பார்க்காமல் என்ன செய்வாள்? காதுவரை வந்த முடி, பொடிப்பொடிச் சுருளாகத் திசைக்கொன்றாகக் கிளம்பி நின்றது. மகளுக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

"நாளைக்கு என்ன விசேஷம்?" என்றாள் அக்கா.

"என்னைக் கட்டிக்கப் போறவரோட வீட்டுல இருந்து அம்மாவைப் பார்க்க வர்றாங்க. எங்கம்மாவுக்கு இடுப்புக்குக் கீழ முடி, சீப்பை வச்சா வழுக்கிட்டுப் போகும்னு அவங்ககிட்ட அளந்து வச்சிருக்கேன். போட்டோ வேற காட்டிட்டேன்."

"அளந்துட்டியா?"

"ஐயோ, பொய்யில்லக்கா. ரெண்டு வருஷம் முன்னாடி நான் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினப்ப அப்படித்தான் இருந்துச்சு. முந்தாநாள் வந்து கதவைத் தட்டினா, இந்தத் தலையோட வந்து நிக்கிறாங்க. வேற யார் வீட்டையோ தட்டிட்டேன்னு நினைச்சேன்!"

பக்கத்து நாற்காலிக்காரி களுக்கென்று சிரித்தாள். மகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "ஆசையா இருந்துச்சு, வெட்டிட்டுச் சுருள் வச்சுக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். ஐம்பத்தாறு வயதில் அப்படி என்ன ஆசையோ! இரண்டு நாளாகத் தெருவில் இறங்கினால் மகள் நாலடி முன்னால்தான் நடந்தாள். அம்மாவோடு சேர்ந்து நடக்க வெட்கமாக இருந்தது. பெற்றவளை விட்டுத் தள்ளி நடக்கிறோமே என்று அதுவும் வெட்கமாக இருந்தது. முதல் வெட்கம்தான் ஜெயித்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலைக்கா. வீடியோவுல பார்த்திருந்தா அன்னிக்கே சண்டை போட்டுத் தடுத்திருப்பேன். ஒன்றரை வருஷமா போன்ல முகமே காட்டலை. கேமரா ரிப்பேராம்! சரின்னு புது போன் வாங்கி அனுப்பினேன். அது பிரிக்காத பெட்டியோட அலமாரியில தூங்குது."

"எனக்கு அதெல்லாம் எங்கடி பழகுது?" என்று அம்மா மெல்லச் சிரித்தாள்.

"சுருள் வச்சுக்க மட்டும் பழகுதாக்கும்!"

பார்லர்க்கார அக்கா இதற்குள் அம்மாவின் முடியை வகிர்ந்து பார்க்க ஆரம்பித்திருந்தாள். ஒரு வகிடு எடுத்தாள். இன்னொன்று எடுத்தாள். குனிந்து விரலால் வேரைத் தடவியவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணாடிக்குள் அம்மாவின் கண்கள் அவளைக் கெஞ்சின. வேண்டாம் என்பதுபோல் அம்மாவின் தலை லேசாக ஆடியது.

அதை மகளும் பார்த்துவிட்டாள்.

"பார்த்தீங்களா, இப்பவும் அடம்! எனக்காக ஒரே ஒரு நாள் நேராக்கிக்கிட்டா குறைஞ்சா போயிடுவே? என்னை நாலு பேர் முன்னாடி தலைகுனிய வைக்கிறதுல உனக்கு என்னம்மா அவ்வளவு சந்தோஷம்?"

குரல் கடைக்கு வெளியேகூடக் கேட்டிருக்கும். பக்கத்து நாற்காலிக்காரி தன் நகங்களைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா கூனிக்குறுகிப் போனாள். துண்டின் நுனியைத் திருகிக்கொண்டே, "நேராக்கிடும்மா. என் பிள்ளைக்கு என்னால அவமானம் வேணாம்" என்றாள்.

அக்கா சீப்பைக் கீழே வைத்தாள்.

"இந்தத் தலையில நான் மருந்து போட மாட்டேன்."

"ஏன்?" மகள் எகிறினாள். "எவளோ கன்னாபின்னான்னு வச்சுவிட்ட சுருள். அதை எடுத்துவிடத் தெரியாதா உங்களுக்கு?"

"இது யாரும் வச்சுவிட்ட சுருள் இல்லம்மா. இங்க வந்து பாரு. கடையில வச்ச சுருளா இருந்தா, வளர வளர அடியில நேர்முடி எட்டிப் பார்க்கும். இது முளைக்கும்போதே சுருண்டு முளைச்சிருக்கு."

"அதெப்படி? எங்கம்மாவுக்குப் பிறந்ததுல இருந்து நேர்முடி!"

அக்கா அம்மாவின் பக்கம் திரும்பினாள். அம்மாவின் தோளில் கை வைத்து, தணிந்த குரலில் கேட்டாள்.

"எங்க சித்திக்கும் மறுபடி இப்படித்தாம்மா சுருண்டு முளைச்சுது. உங்களுக்குக் கடைசி ஊசி போட்டு எவ்வளவு நாளாச்சு?"

"பதினோரு மாசம்" என்றாள் அம்மா.

"என்ன ஊசி?" என்று கேட்ட மகளின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"கேன்சர் ஊசி. சொல்லியிருந்தா வேலையைப் போட்டுட்டு ஓடி வந்திருப்பே, கண்ணு" என்ற அம்மா, தப்புச் செய்து மாட்டிக்கொண்டவள்போல் தலையைக் குனிந்துகொண்டாள். "கேமரா நல்லாத்தான் இருந்துச்சு, உனக்குக் காட்டத்தான் அப்ப தலையில ஒரு முடி இல்ல."