இன்னும் ஒரு நூல்

“ஆள் வேணாம்ணா, எடைதான் வேணும்,” என்றாள் தங்கை. “சிமெண்டு மூட்டையைத் தூக்கி வெச்சுப் பார்த்தேன். சரிஞ்சு விழுது. நீ விழ மாட்டே.”

வண்டியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டவனிடம் பேசுகிற பேச்சா இது.

அண்ணன் அந்த வண்டியைத் தொட்டு இரண்டு வருடமாகிறது. பாறைமேலும் ஓடைக்குள்ளும் ஆமை வேகத்தில், கால் தரையில் படாமல் ஓட்டிக் காட்டும் போட்டிக்கான பழைய வண்டி. அவனைவிட மூன்று வயது மூத்தது. வீட்டில் யாராவது அதைப் பற்றிப் பேச்செடுத்தால் செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொள்வான். விற்றுத் தொலை என்று தங்கையின் பட்டறையில் தள்ளிவிட்டுப் போயிருந்தான்.

அவள் விற்கவில்லை. சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து இன்ஜின் காட்டுக்கத்தல் கத்தியது, இல்லாவிட்டால் பொசுக்கென்று நின்றது. மேட்டில், மேலே ஆள் பாரம் இருக்கும்போது கார்புரேட்டரைச் சரிசெய்தால்தான் வழிக்கு வரும் என்றாள். முன்சக்கரத்தை வாசல் படியில் ஏற்றி வைத்திருந்தாள்.

அவன் ஏறினான். எடையாக மட்டும்.

முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, இரண்டு கால்களையும் மிதியில் வைத்து எழுந்து நின்றான். முழங்கால்கள் வெடவெடத்தன. முன்சக்கரத்தை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

“வண்டியைப் பிடிச்சிருக்கியா?”

“பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன். ஆடாம நில்லு. ஸ்க்ரூவை இன்னும் ஒரு நூல் திருப்பணும்.”

இன்ஜின் இருமியது. திணறியது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. அவன் இடுப்பு தானாக வலப்பக்கம் போய் அதை நிமிர்த்தியது.

“இன்னும் ஒரு நூல்.”

சத்தம் தணிந்தது. பக்கத்து அறையில் யாரோ செருப்போடு நிதானமாக நடப்பது போல, ஒரே சீராக, நிற்காமல். அவன் முழங்கால்கள் நடுங்குவதை விட்டுவிட்டு, பழையபடி லேசாக மடிந்து, வண்டியோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தன.

“இன்னும் ஒரே ஒரு நூல்ணா.”

குரல் தள்ளி இருந்து வந்தது. அவன் மெல்லத் திரும்பிப் பார்த்தான்.

ஸ்க்ரூடிரைவர் பெட்டிக்குள் கிடந்தது. நாலடி தள்ளி, கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, அவள் விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். விரல்கள் எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தன.

அவன் பார்வையை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோனான்.

“பார்த்துத் திருப்பு,” என்றான். “எனக்கு ஒண்ணும் அவசரமில்லே.”