உள்பக்கத்துக்கு என்ன பூச்சு?

புது அலுமாரிக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்துப் பார்த்த கமலாசனி டீச்சர், முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்தார். பட்டுச்சேலைகளில் மணம் ஏறிவிடும் என்ற கவலையாக்கும் என்று பொலிஷ்காரன் செல்லச்சாமி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

"இந்த மூலையில பூசிக் காட்டின வானிஷ் சரிவராது செல்லச்சாமி. தலை இடிக்குது. வேற என்ன இருக்கு?"

"லின்சீட் எண்ணெய் தடவலாங்க டீச்சர். பைனஸ் மரப் பலகை தேன் கலரா வரும்."

"மணக்குமோ?"

"ஒரு மாசத்துக்கு லேசா இருக்குங்க."

"அப்ப அதுவும் வேண்டாம்."

மெழுகைச் சொன்னான். அதில் டர்பன்டைன் கலக்க வேண்டும் என்றதும் அதுவும் தள்ளுபடி. எங்கே வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ?

அவனுக்கு இது வெறும் வேலை அல்ல. தமிழரைத் தேடித் தேடி அடித்து எரித்த ஆடிக் கலவரத்தில் அவனுடைய பொலிஷ் கடை சாம்பலான பிறகு, கண்டியில் ஒரு தமிழ் வீட்டில்கூட ஒரு கதிரைக்குப் பொலிஷ் போட அவனைக் கூப்பிடவில்லை. யாருக்கு மனம் வரும்? வீட்டைப் பூட்டிவிட்டு எங்கே ஓடலாம் என்றுதான் ஆளாளுக்கு யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் மனைவி வடிவம்மாவோ, இந்தியாவுக்குக் கப்பலேறியே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றாள். அங்கே சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஒரு நாதி கிடையாது. கண்டி மஹியாவயில் பிறந்து வளர்ந்தவன் கண் காணாத ஊரில் போய் என்ன செய்வான்? போவதா இருப்பதா என்று நாளைக்குள் அவளுக்கு முடிவு சொல்லியாக வேண்டும்.

இந்த நேரத்தில்தான் அம்பிட்டியவில் இருந்து டீச்சர் ஆள் அனுப்பினார். யாழ்ப்பாணத்தில் சொந்த வீடு உள்ளவரே இங்கே மாடிப்படிக்குக் கீழே சுவரோடு சேர்த்துப் புது அலுமாரி அடிக்கிறார் என்றால், ஊர் அடங்கிவிட்டது என்றுதானே அர்த்தம்? அந்த நினைப்பிலேயே அவனுக்குப் பாதி உயிர் திரும்பியிருந்தது.

"ஒண்ணுமே பூசாம விட்டுருவமா டீச்சர்?" என்று பயந்துகொண்டே கேட்டான்.

"வெறும் பலகையும் பிசின் மணக்குதே."

"அப்ப அரக்குப் பொலிஷ் போடுறேங்க. பிசின் மணத்தை அமுக்கிரும். ஸ்பிரிட் மணமும் ரெண்டு மூணு நாள்ல காத்தோட போயிரும்."

டீச்சரின் முகம் அப்போதுதான் தெளிந்தது. "அதையே போடுங்கோ. உள்பக்கம் மூலை முடுக்கெல்லாம் வடிவாப் பூசவேணும்."

"வெளிப்பக்கம்? கண்ணாடி கணக்கா மின்ன வைக்கிறேன், பாருங்க."

"வெளிப்பக்கத்துக்கு ஒண்டும் வேண்டாம். அது மங்கலாவே கிடக்கட்டும்."

ஊர் பார்க்கிற பக்கத்தை விட்டுவிட்டு, சேலை தொங்குகிற பக்கத்துக்கு இவ்வளவு கரிசனமா! படித்தவர்கள் ஆசையே தனி. செல்லச்சாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"டீச்சர், மனசுல இருக்கிறதைச் சொல்லிடுறேன். நாங்க கப்பலேறத்தான் இருந்தோம். நீங்க இம்புட்டு ஆசையா சேலைக்கு அலுமாரி செய்யிறதப் பாத்ததும், இனிப் பயமில்லன்னு தைரியம் வந்திருச்சு. நாங்க போகலைங்க. வடிவம்மாகிட்ட இன்னைக்கே சொல்லிடுவேன்."

டீச்சர் போய் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எங்களுக்கு யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் கிடைக்கேல்லை, செல்லச்சாமி. நீங்களெண்டாலும் கப்பலேறிப் போயிடுங்கோ."

"என்னங்க டீச்சர் இப்படிச் சொல்றீங்க? அப்ப இந்த அலுமாரி?"

டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அடுத்த முறை அவங்கள் வரேக்க, பிள்ளையளோட நாங்கள் நாலு பேரும் இதுக்குள்ள இருமாமல் இருக்கவேணும்."