சரவணகுமாரின் புது மட்டைகள்

சரவணகுமார் புது மட்டைகள் வாங்கிய நாளிலிருந்து அன்பரசனுக்குச் சோறு இறங்கவில்லை.

அன்பரசனுக்குச் செங்கத்தில் உரக்கடை. சரவணகுமாருக்குப் படவேட்டில் கல்யாண மண்டபம். ஞாயிற்றுக்கிழமையானால் இருவரும் ஜவ்வாது மலை ஏறிவிடுவார்கள். அங்கே ஒரு விடுதிக்காரர் மலைச்சரிவைச் சமன்செய்து ஒன்பது குழி கோல்ஃப் மைதானம் போட்டிருந்தார். இரண்டு பேரும் சுமாரான ஆட்டக்காரர்கள்தான். இந்த வாரம் இவர் ஜெயித்தால் அடுத்த வாரம் அவர்.

தை மாதத்தில் சரவணகுமாருக்குச் சனி பிடித்தது. அவர் அடித்த பந்தெல்லாம் மேட்டைத் தாண்டியதும் உன்னிப் புதருக்குள் கிடந்தது. மாசி முடியும்வரை ஒரு ஆட்டம்கூட அவர் ஜெயிக்கவில்லை.

"சாரோட கை நல்லாத்தான் இருக்குது. மட்டைதான் கிழடாயிடுச்சு" என்றார் விஜயராஜ். விடுதியிலேயே விளையாட்டுச் சாமான் கடை வைத்திருப்பவர் அவர்.

பங்குனியில் சரவணகுமார் ஒரு முழு செட் வாங்கினார். அடுத்த ஞாயிறே அவர் பந்து நூல் பிடித்தாற்போல் போனது. அன்பரசனுக்கோ வயிற்றெரிச்சல். வயிற்றெரிச்சலோடு ஆடுகிறவன் பந்து புதருக்குள் போகாமல் எங்கே போகும்?

"மட்டை மாத்துனா ஆட்டம் மாறிடுமாப்பா? அது இன்னா யூரியாவா, போட்ட மறுநாளே பச்சப்பசேல்னு நிக்கறதுக்கு?" என்றார் அன்பரசன்.

"நீ நம்பாட்டிப் போ. சித்திரைக் கோப்பைய வைக்கறதுக்கு மண்டபத்து வாசல்ல கண்ணாடி அலமாரி செஞ்சாச்சு" என்றார் சரவணகுமார்.

அன்றிரவே அன்பரசனுக்குப் பொறி தட்டியது. செந்தாமரை!

செந்தாமரை மலைக்காரப் பெண். மற்ற நாட்களில் சாமைக் கொல்லையில் வேலை. ஞாயிறானால் இருவருடைய பைகளையும் சுமப்பாள். பந்தை அடிக்குமுன்பே மேட்டுக்கு அந்தப்பக்கம் ஓடிப்போய், அது விழுந்த இடத்தில் நின்று கையைத் தூக்கிக் காட்டுவாள். அந்தப்பக்கம் நடப்பது இந்தப்பக்கம் தெரியாது. சரவணகுமார் அவளைக் கையில் போட்டுக்கொண்டுவிட்டார், புதரில் விழும் பந்தை அவள் புல்லுக்குத் தள்ளிவிடுகிறாள் என்று அன்பரசன் முடிவே கட்டிவிட்டார்.

அடுத்த வாரம் கால் சுளுக்கு என்று ஆட்டத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பைனாகுலரோடு ஒரு புளியமரத்தில் ஏறி உட்கார்ந்தார். ஒன்பது குழி முடியும்வரை கண்ணை எடுக்கவில்லை. செந்தாமரை குனியவும் இல்லை, காலை நீட்டவும் இல்லை. முசுட்டெறும்புகள்தான் அன்பரசனைக் கடித்துக் குதறின.

அப்படியும் ஆறவில்லை. நேரே விடுதி மேலாளரிடம் போய்ப் புகார் சொன்னார்.

"நெஜம்னு தெரிஞ்சா இன்னியோட இவளுக்கு வேலை கெடையாதுங்க சார்" என்றார் மேலாளர்.

செந்தாமரை வாதாடவில்லை. மைதானத்து ஓரத்தில் இருந்த காளி கோயிலுக்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய், உள்ளங்கையில் சூடம் ஏற்றினாள்.

"சரவணகுமார் புது மட்டை வாங்குனதுலேர்ந்து அவன் பந்தத் தொட்டியா, இல்லியா?" என்றார் அன்பரசன்.

"கையாலயும் தொடல, காலாலயும் தொடல. தொட்டிருந்தா இந்த ஆத்தா என் கண்ணப் புடுங்கிக்கட்டும்."

சூடம் எரிந்து அடங்கும்வரை அவள் கை ஆடவில்லை. மலைக்காரர்கள் காளிமேல் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டார்கள். அன்பரசனுக்குப் பூமிக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. சரவணகுமார் அவர் தோளில் கைபோட்டு, "ஏன்டா, இதுக்காடா மரத்து மேல ஏறுன?" என்று சிரித்தது இன்னும் மோசம்.

விஜயராஜ் கடைக்குள் நுழைந்த அன்பரசன், "மட்டையிலதாங்க விஷயம் இருக்குது, ஒத்துக்கறேன். அவன் வாங்குனதையே எனக்கும் எடுங்க" என்றார்.

"இப்பவாவது நம்புனீங்களே" என்று விஜயராஜ் பணிவாக ஒரு செட்டை எடுத்து வைத்தார்.

என்ன அதிசயம்! புது மட்டை கைக்கு வந்த முதல் நாளே அன்பரசன் அடித்த பந்தெல்லாம் புல்தரையில் அழகாக உட்கார்ந்திருந்தது. சித்திரைக் கோப்பையில், சரவணகுமாரைவிட ஒரே ஒரு அடி குறைவாக அடித்து, கோல்ஃப் கணக்குப்படி ஜெயித்தார். படவேட்டு அலமாரி காலியாகவே கிடந்தது.

கோப்பையும் கையுமாக அன்பரசன் செந்தாமரையைத் தேடிப் போனார். பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றாள்.

"தப்பு என்னுதும்மா. மட்டையோட மகிமை தெரியாம உன்மேல பழி போட்டுட்டேன். மனசுல வச்சிக்காத" என்று கை கூப்பினார்.

செந்தாமரைக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயோ, கையக் கீழ போடுங்க சார். நீங்க கும்பிட்டா என் குடும்பத்துக்கு ஆவாது."

"நீதான் ஒரு தப்பும் செய்யலியே. அப்புறம் இன்னாத்துக்கு அழுவுற?"

அவள் விஜயராஜ் கடைப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"புது மட்டை வாங்குனவங்க பந்த நான் தொடவே மாட்டேங்க சார்... கடைக்கார சார் ஒருத்தர் மாத்தி ஒருத்தரா பொதர்ல தள்ளச் சொன்னது, வாங்காதவங்க பந்தத்தான்."