நாக்கில் ஒட்டியது

கொல்லையில் குழி தோண்டியபோது கிடைத்த வெள்ளைத் துண்டை மாசிலாமணி மனைவியிடம் நீட்டினான். "கல்லு டாக்டரம்மா, இது டைனோசரான்னு பாருங்க."

நிலவியல் படித்த பூங்கோதை சிரித்தாள். "நாக்குல வச்சா தெரிஞ்சிடும். கல்லுன்னா விழுந்திடும். எலும்புன்னா அதுல இருக்கற பொடி ஓட்டைங்க எச்சிலை உறிஞ்சி ஒட்டிக்கும்."

ஒட்டிக்கொண்டது. அவன் கைதட்டினான். அவள் கவனித்தது அதன் கனத்தை. கோடி வருடத்து எலும்பு என்றால் கல்லாகிக் கனத்திருக்கும். இதுவோ கடலைத்தோல் போல இலேசாக நாக்கில் தொங்கியது.

"எங்க தோண்டினேன் தெரியுமா? அம்மா எங்கள விட்டுட்டு ஓடிப்போன வருஷம் அப்பா மூடினாரே ஒரு கிணறு, அங்கதான்," என்றான், இன்னும் சிரித்தபடி.

வாசலில் மாமனார் பேப்பரை மடிக்கும் சத்தம் கேட்டது.