ஐம்பத்திரண்டு கிலோ

கம்ப்யூட்டர் போட்டுப் பார்த்த மூன்றாவது மெக்கானிக் அன்வர்தீனும் வண்டியில் கோளாறே இல்லை என்றார். “இல்லாம எப்படி?” தனபாலன் கத்தினான். “அன்னைக்குக் கணவாய் மேட்டுல திடீர்னு இழுவையே இல்ல. மிதிக்க மிதிக்க இருபதுக்கு மேல போகல. ஆஸ்பத்திரி போய்ச் சேரவே முக்கா மணி நேரம். பின்சீட்டுல எங்கப்பா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு...”

அன்வர்தீன் கையைத் துடைத்தார். “எஞ்சினுக்குக் காத்து தள்ளுற டர்போ ஹோஸ்ல கீறல் இருந்தா, சும்மா நிக்கிறப்ப தெரியாது சார். பாரத்தோட மேடு ஏறினாத்தான் வாய் திறக்கும். அன்னைக்கு இருந்த பாரத்தோடயே ஓட்டிப் பாத்துருவோம்.”

தனபாலன் இருபத்தாறு கிலோ அரிசி மூட்டை இரண்டு வாங்கிவந்தான். அப்பா இருந்தவரை அவ்வளவுதான் எடை. பின்சீட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து பெல்ட் மாட்டினான். அவன் ஓட்ட, அன்வர்தீன் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார்.

கணவாய் மேட்டை வண்டி மூச்சுவாங்காமல் ஏறியது. “இன்னும் மிதிங்க.” மிதித்தான். எண்பதில் போனது. “போதும் சார், திருப்புங்க.” அவன் திருப்பவில்லை.

பதினோரு நிமிடத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது, காவலாளி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து பின்கதவைத் திறந்தார்.