ஓரெழுத்துத் தூரம்

"ஊசி போட வந்திருக்கேங்க. அப்படி ஒரு குழந்தையே இல்லைங்கறாங்க" என்றாள் மனைவி போனில்.

பின்னால், ஒன்றரை வயது மகள் எதையோ தட்டித் தட்டிப் பாடுவது கேட்டது.

அவன் டீயைக் கீழே வைத்தான்.

அந்தத் தடுப்பூசி மையத்தின் பதிவேட்டை அவன் எழுதிய கணினி நிரல்தான் அன்று காலை சுத்தம் செய்து முடித்திருந்தது. ஒரே குழந்தையை ஆளுக்கொரு தரம் பதிந்து வைத்திருந்தார்கள், ஒரு தரம் குறில் போட்டு, மறுதரம் நெடில் போட்டு.

ஒரு பெயரை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தை மாற்ற வேண்டும் என்று நிரல் எண்ணும். பிறந்த தேதியும் தாயின் போன் நம்பரும் ஒன்றாக இருந்து, பெயரில் ஓரெழுத்து மட்டும் மாறியிருந்தால், எழுத்துப்பிழை என்று முடிவுகட்டும். முந்திப் பதிந்ததை வைத்துக்கொண்டு பிந்தியதை நீக்கிவிடும்.

அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரி மட்டும் போன வாரம் இழுத்தாள். "இரட்டைக் குழந்தைங்களா இருந்தா?"

"அப்படி எத்தனை பேர் இருந்துடப் போறாங்க" என்று அவள் வாயை அடைத்துவிட்டு, எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

இப்போது, நிரல் நீக்கியவற்றின் பட்டியலைத் திறந்து தேடினான்.

இருந்தது. மகளின் பெயர், பக்கத்தில் காரணம்: எழுத்துப்பிழை.



"இன்னைக்கு ஊசிக்கு வரச்சொல்லி மெசேஜ் வந்துதே, அது யார் பேருக்கு?" என்று கேட்டான், தெரிந்தே.



"பெரியவ பேருக்கு."

இரட்டையர் இருவருக்கும் பெயர் வைத்தவன் அவன்தான். கூப்பிட வாய்க்கு ஒன்றுபோல வரட்டும் என்று ஓரெழுத்து மட்டும் மாற்றி வைத்தான். பிறந்த மறுநாளே இருவருக்கும் ஊசி போட்டுப் பதிந்தார்கள், முந்திப் பிறந்தவளை முந்தி.

அந்தப் பெரியவளை வீட்டுக்குத் தூக்கிவர அவர்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

மையத்தில் அதைச் சொல்ல இருவருக்குமே நா எழவில்லை. ஒவ்வொரு ஊசிக்கும் இரண்டு பேர் பெயரிலும் அழைப்பு வந்தது. அவன் பார்ப்பான், அவளும் பார்ப்பாள். அதைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டதில்லை.

மகளைப் பழைய இடத்தில் திரும்பச் சேர்த்தான்.

"இப்ப பாக்கச் சொல்லு."

அங்கே ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு மனைவியின் குரல் மிகவும் தணிந்து வந்தது.

"இப்ப ரெண்டு பேர் காட்டுதாம். இன்னொரு குழந்தையை ஏன் கூட்டிட்டு வரலைன்னு நர்ஸ் கேக்கறாங்க."

அவன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"போனை அவங்ககிட்ட குடு" என்றான்.