போனில் பார்த்த ஊர்

“இங்கே வலது பக்கம் திரும்பணும்” என்று கணவன் ஹப்தோமின் கையைப் பிடித்து இழுத்தாள் லெத்தே.

மெல்பர்னில் அவள் கண்விழித்த முதல் காலை அது. விமானத்திலிருந்து இறங்கியதே முந்தின நாள் சாயங்காலம்தான்.

ஆனாலும் அவளுக்கு வழி தெரிந்திருந்தது. விசாவுக்காக அவள் அடிஸ் அபாபாவில் காத்துக்கிடந்த ஐந்து வருடமும் ஹப்தோம் போனில் இந்த ஊரைச் சொல்லிக்கொண்டே இருந்தான். ரயில் பாலத்தைச் சொல்வான். டிராம் மணியைச் சொல்வான். வெயில், மழை, மறுபடி வெயில் என்று ஒரே காலையில் வானம் புத்தி மாறுவதைச் சொல்வான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். அப்புறம் தினமும் அதே கேள்வி.

“இன்னிக்கு யார்கிட்டல்லாம் பேசினே?”

அவன் அதையும் சொல்வான்.

“இப்ப மீன் வாசனை வரும் பாரு” என்றாள்.

வந்தது. சந்தை வாசலில் வியட்நாம்காரப் பெண்கள் கீரைக்கட்டுகளைத் தண்ணீரில் முக்கி உதறிக்கொண்டிருந்தார்கள். எதிர்ச்சாரியில் யாரோ எரித்திரியாக்காரர் காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தார். தன் ஊர் வாசனையை இந்த ஊர்க் குளிரில் முகர்ந்ததும் லெத்தே நடுத்தெருவில் நின்று சிரித்தாள். தள்ளுவண்டியோடு வந்த சோமாலிப் பெண் ஒருத்தி காரணம் தெரியாமலே பதிலுக்குச் சிரித்துவிட்டுப் போனாள்.

“பெஞ்ச் காலியா இருக்கே. உன்கூட செஸ் ஆடுற செர்பியாக்காரர் எங்கே?”

“குளிருக்கு வந்திருக்க மாட்டார்” என்றான் ஹப்தோம், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

“அப்ப ஹோவா அக்கா கடைக்குப் போவோம்.”

“இன்னொரு நாள் போகலாமே. காலையில அங்க கூட்டமா இருக்கும்.”

“இருந்தா என்ன? நான் இங்கிலீஷ் படிச்சதே அவங்ககிட்ட பேசத்தான்.”

அவளே கண்டுபிடித்தாள். சிவப்புப் பலகை, கண்ணாடிக்குள் கையாட்டும் பொன்னிறப் பூனைப் பொம்மை, அடுக்கி வைத்த நீள ரொட்டிகள். உள்ளே ஐம்பதைத் தாண்டிய ஒரு வியட்நாம்காரப் பெண், பச்சைக்கல் வளையல் போட்ட கையால் ரொட்டியைப் பிளந்து இறைச்சியும் கொத்தமல்லியும் வைத்துக்கொண்டிருந்தாள். ஹப்தோம் வாசலிலேயே தயங்கினான். லெத்தே நேராகக் கல்லாவுக்குப் போனாள்.

“ஹோவா அக்காதானே நீங்க? நான் லெத்தே. இவரோட மனைவி.”

அந்தப் பெண் நிமிர்ந்தாள். லெத்தேயைப் பார்த்தாள். பிறகு அவளுக்குப் பின்னால், கழற்றிய தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்ற ஹப்தோமைப் பார்த்தாள். அவன் கண்கள் நிறைந்திருந்தன.

கத்தியைக் கீழே வைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வெளியே வந்தாள்.

“இப்பத்தான் வர்றியா? எப்ப வருவா, எப்ப வருவான்னு கேட்டுக் கேட்டு என் வாய் வலிச்சுப்போச்சு!” லெத்தேயின் இரண்டு கைகளையும் பிடித்தாள். “கை ஐஸ் மாதிரி இருக்கு! ஏன்டா, பொண்டாட்டியை வெறும் சட்டையோடயா கூட்டிட்டு வருவே? இந்த ஊர் குளிர் உனக்குத் தெரியாதா?”

திட்டு விழுந்ததும் லெத்தேக்கு அழுகை வந்துவிட்டது. பைக்குள் கைவிட்டு, துணியில் சுற்றிய காப்பிக்கொட்டைப் பொட்டலம் ஒன்றை எடுத்தாள். பல மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததைத் தட்டுத்தடுமாறிச் சொன்னாள்.

“நீங்க இங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் நான் அங்க தூங்கினேன்.”

அந்தப் பெண் பொட்டலத்தை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். வரிசையில் நின்றவர்கள் யாரும் முணுமுணுக்கவில்லை.

“போ, பின்னால குழாய் இருக்கு. முகம் கழுவிட்டு வா. சூடா சூப் தர்றேன்” என்றாள் கடைசியில்.

லெத்தே உள்ளே போனாள். கதவு சாத்தியதும் அந்தப் பெண் ஹப்தோமின் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“சீக்கிரம் சொல்லு. நான் உனக்கு என்னல்லாம் பண்ணியிருக்கேன்?”

அவன் தொப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “காய்ச்சல்ல கிடந்தப்போ கஞ்சி கொண்டுவந்தீங்க. உங்க புதுவருஷத்துக்கு வீட்டுக்குக் கூப்பிட்டீங்க. வேலை போனப்போ... இங்க உக்காரவச்சு ரொம்ப நேரம் பேசிட்டிருந்தீங்க.”

“அவ்வளவும் நானா?”

“அவ அங்க அழுதுட்டே இருந்தா. நான் தனியா இருக்கேன்னு.”

குழாயில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

அந்தப் பெண் தலையாட்டினாள். “ஹோவா. நல்ல பேருதான். எங்க அத்தை பேரு.” இரண்டு கிண்ணங்களை எடுத்துச் சூப்பை ஊற்றத் தொடங்கினாள். கதவு திறக்கும் முன் அவசரமாகத் திரும்பினாள்.

“ஆமா, உன் பேரு என்ன?”